பாலித்தீன் அக்காவும் சத்தமில்லாத காரும்

வேன் கதவருகில் வந்து நிற்கும் நோயாளியை அவள் முதலில் பார்ப்பதில்லை, உட்காரும் சீட்டைத்தான் பார்க்கிறாள். முழங்கையால் அதை ஓர் அழுத்து அழுத்துகிறாள். மடித்து வைத்திருந்த பாலித்தீன் தாளை உதறி விரித்து, ஓரத்தை முதுகுச் சாய்வின் இடுக்கில் செருகுகிறாள். கீழே ஒரு மரப் பெட்டியைப் போட்டு, அது ஆடுகிறதா என்று தானே ஏறி இறங்கிப் பார்க்கிறாள். இத்தனையும் முடிந்த பிறகுதான் ஆளின் பக்கம் திரும்புவாள்.

"ம், வாங்க. முதுகைக் காட்டித் திரும்புங்க. சீட்டு தொடையில இடிக்குதா? இடிச்சாத்தான் உக்காரணும்."

உட்கார்ந்தவர் பாலித்தீன் மேல் வழுக்கி, இடுப்பு முறுகாமல், சுழல் நாற்காலியில் இருப்பவர்போல அப்படியே உள்ளே திரும்பிவிடுவார். பிறகு அவள் தாளை ஒரே இழுப்பில் உருவி எடுப்பாள். இல்லாவிட்டால் முதல் பிரேக்கிலேயே ஆள் தரைக்கு வந்துவிடுவார்.

அந்தத் தாளால் வந்த பெயர்தான் பாலித்தீன் அக்கா. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடும் வேன் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக டிரைவர். அதற்கு முன் ஆறு வருஷம் எலும்பு முறிவு வார்டில் ஆயா. வண்டி ஓட்டக் கற்றதைவிட ஆளை உட்காரவைக்கக் கற்றதுதான் கஷ்டம் என்பாள். "கியர் தப்பாப் போட்டா வண்டி உறுமும். ஆளைத் தப்பா உக்காரவெச்சா ரெண்டு நாள் கழிச்சுத்தான் தெரியும்."

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு துடைப்பக் குச்சி கிடக்கிறது. அதில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. எந்த இருக்கையும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரி நாற்காலி, கழிப்பறை, யார் வீட்டு சோபாவாக இருந்தாலும் குச்சியை நட்டுப் பார்த்துவிடுவாள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் சோபாவை அளந்துவிட்டு, "மாமனாருக்கு முட்டி வலி இருக்குமே" என்று சொல்லி, அண்ணன் மகனுடைய சம்பந்தத்தையே கொஞ்ச நேரம் ஊசலாடவிட்டவள்.

இன்னொரு சட்டமும் உண்டு. யாரையும் கையைப் பிடித்து இழுத்து எழுப்ப மாட்டாள். அழுதாலும் திட்டினாலும் மாட்டாள். இழுத்தால் தோள் நழுவும். நோயாளி முன்னால் குனிந்து, ஊன்றி, தானே எழ வேண்டும். அவள் பக்கத்தில் நின்று இடுப்பில் கை வைத்திருப்பாள், அவ்வளவுதான். "மூக்கு முட்டியத் தாண்டட்டும். தாண்டினா மிச்சம் தானா வரும்." இந்த வாக்கியத்தை ஒரு நாளைக்கு இருபது முறையாவது சொல்வாள்.

காலையில் அவளுடைய முதல் சவாரி லிஃப்ட்காரர். நாற்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். போதாததற்கு, குளியலறையில் விழுந்து இடது இடுப்பில் செயற்கை மூட்டு. அந்த இடுப்பு முட்டியைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் மூட்டு கழன்றுவிடும். கழன்றால் இன்னோர் ஆபரேஷனை அவர் உடம்பு தாங்காது என்று டாக்டர் அவர் எதிரிலேயே சொல்லிவிட்டார். டயாலிசிஸுக்கு ஊசி குத்தும் இடது கையையும் யாரும் பிடிக்கவோ இழுக்கவோ கூடாது. பிடிப்பதற்கு இடமே இல்லாத மனிதர்.

"நாப்பது வருஷம் ஊரையே மேல ஏத்தி விட்டேன்மா. இப்ப என்னை அரை அடி ஏத்த ஒரு பெட்டி."

"பேசாம ஏறுங்க. ஓவர்லோடு ஆயிடப் போகுது."

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, முதலாளி அந்தக் காரை வாங்கும் வரை.

முதலாளி கெட்டவர் இல்லை. நாற்பது வயது. அப்பா விட்டுப்போன கம்பெனியை மூடாமல் நடத்துகிறார், சம்பளம் தேதி தவறியதில்லை. ஆட்கள் முன்னால் பாலித்தீன் அக்கா அவரை 'சார்' என்பாள். கோபம் வந்தால் 'தம்பி'. அந்த மாதம் முழுக்கத் தம்பிதான்.

கார் மின்சாரத்தில் ஓடுவது. முத்து வெள்ளை நிறம், உள்ளே வெளிர் தோல் சீட்டு. கதவில் கைப்பிடி கிடையாது. சட்டைப் பையில் சாவி அட்டையோடு போய் நின்றால் கதவுக்குள்ளிருந்து தானே நீண்டு வரும். ஜன்னல் கண்ணாடிக்குக்கூடத் தொடுதிரையைத்தான் தடவ வேண்டும். வாங்குமுன் முதலாளி ஒரு வாரம் சோதனை ஓட்டம் விட்டார். நோயாளியாக நடித்தது வரவேற்பு மேசையில் இருக்கும் பெண். இருபத்துநான்கு வயது, தினமும் காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடுகிறவள். அவள் காரில் ஏறினாள், இறங்கினாள், "சூப்பர் சார்" என்றாள். நோயாளிகளுக்கு வாங்கும் வண்டியில் ஒரு நோயாளியை உட்காரவைத்துப் பார்க்கலாம் என்று அந்த ஆபீசில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. நாளெல்லாம் நோயாளிகளைச் சுமந்து பிழைக்கும் ஆபீஸ் அது.

பாலித்தீன் அக்கா குச்சியோடு போனாள். சீட்டு, சிவப்புக் கோட்டுக்கு ஒரு சாண் கீழே இருந்தது. பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் கால் வைக்கும் இடம் மேடு; உட்கார்ந்தால் முட்டி நெஞ்சைப் பார்த்து நிற்கிறது. சீட்டின் இரண்டு ஓரமும் கரைபோல உயர்ந்திருக்கிறது, வழுக்கித் திரும்ப வழியில்லை. கூரை சரிந்து தலைக்கு மேல் வருகிறது. இதை வரைந்தவர்களில் ஒருவருக்கும் முட்டி வலித்ததில்லை, ஒருவர் வீட்டிலும் படுக்கையில் ஆள் இல்லை என்பது பார்த்தாலே தெரியும்.

"தம்பி, இது ஆகாது."

"அக்கா, உலகம் எங்கயோ போயிட்டிருக்கு. நீங்க துடைப்பக் குச்சியால அளந்துட்டு இருக்கீங்க. இதுதான் எதிர்காலம்."

"எதிர்காலத்துலயும் மனுஷன் உக்காந்துதான போகணும்?"

"கரண்டு வண்டின்னா உங்களுக்குப் பயம்."

இங்கேதான் அவளுக்குச் சுருக்கென்றது. மின்சார வண்டியை அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆஸ்பத்திரித் துணியைத் துவைக்கக் கொண்டுபோகும் லாண்டரிக்கார‌ர்கள் ஒரு வருஷமாக மின்சார வேன்தான் ஓட்டுகிறார்கள். சதுரமாய், அழகில்லாமல், ரொட்டிபோல இருக்கும். ஆனால் சீட்டு உயரம், கதவு அகலம், சத்தமும் இல்லை புகையும் இல்லை. அவள் அதிலும் குச்சியை நட்டுப் பார்த்தாயிற்று. கோட்டுக்கு மேலே இரண்டு விரல். இந்த ஒரு காரின் விலைக்கு அந்த மாதிரி மூன்று வேன் வரும் என்று லாண்டரி டிரைவரிடம் கேட்டும் வைத்திருந்தாள். அதைச் சொன்னாள்.

முதலாளி சிரித்தார். "அதுல நம்ம கம்பெனி பேரை எழுதினா யாருக்கா திரும்பிப் பார்ப்பாங்க?"

அழுக்குத் துணிக்கு உயரமான வண்டி. ஆளுக்குத் தாழ்ந்த வண்டி. அவள் குச்சியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

வீட்டிலும் அவளுக்கு ஆதரவு கிடைக்கவில்லை. கடை வளாகம் ஒன்றின் கார் நிறுத்துமிடத்தில் அவள் கணவர் காவலாளி. அங்கே சார்ஜ் ஏற்ற வரும் கார்களைத் துடைக்காத குறையாகப் பார்த்து ரசிப்பவர்.

"சத்தமே இல்லடி. பக்கத்துல வந்து நின்னாத்தான் வந்ததே தெரியுது."

"உங்களை மாதிரி."

"சிரிக்காத. இன்னும் பத்து வருஷத்துல ரோட்டுல எல்லாம் இதுதான்."

"அந்தக் காருங்களோட சொந்தக்காரங்கள்ல எத்தனை பேரு வாக்கர் வெச்சு நடக்கிறாங்க?"

கணவர் யோசித்தார். "ஒருத்தரையும் பார்க்கலையே."

"அப்போ பத்து வருஷம் கழிச்சு ரோட்டுல யாரெல்லாம் இருக்க மாட்டாங்கன்னு பார்த்துக்கோங்க."

புதுக் காரின் முதல் சவாரிக்கு முதலாளி லிஃப்ட்காரரையே தேர்ந்தெடுத்தார். பழைய வாடிக்கையாளர், சிரித்த முகம், போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஓட்ட வேண்டியவள் அவள்தான். பாலித்தீன் தாளை விரிக்கப் போனபோது முதலாளி தடுத்தார்: "அக்கா, லெதர் சீட்டு. போட்டோல நல்லா இருக்காது." மரப் பெட்டியும் வேண்டாமாம். அவள் வேனிலிருந்து இரண்டு தலையணை கொண்டுவந்து சீட்டில் போட்டாள். கூரை இடித்தது. ஒன்றை எடுத்துவிட்டு, சாய்வைப் பின்னுக்குத் தள்ளி, இடது காலை நீட்டவைத்து, கால் மணி நேரத்தில் எப்படியோ உட்காரவைத்தாள். அவர் நெற்றியெல்லாம் வேர்வை.

போகும் வழியில் நடந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். டீசல் வாடை பட்டால் லிஃப்ட்காரருக்குக் குமட்டும். வேனில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம் மடியில் இருக்கும். அன்று கிண்ணம் தேவைப்படவில்லை. "மெத்துனு போகுதும்மா. தண்டவாளத்துக்கு நல்லா ஜாயிண்ட் போட்ட லிஃப்ட்டு மாதிரி" என்றார். அவளும் ஒப்புக்கொண்டாள்: "ஓடுறதுல குத்தமே இல்லங்க. பொய் சொல்ல மாட்டேன்."

நான்கு மணி நேரம் கழித்து டயாலிசிஸ் முடிந்து, தலை சுற்றலோடு அவர் மறுபடி அந்தப் பள்ளத்தில் இறங்கினார். வீட்டு வாசலில் முதலாளியும் போட்டோக்காரரும் காத்திருந்தார்கள். அவள் கதவைத் திறந்து, முட்டி போட்டு உட்கார்ந்து, அவர் பாதத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள். எழ முடியவில்லை அவரால். மூக்கு முட்டியைத் தாண்டவேயில்லை. முட்டி அவ்வளவு உயரத்தில் இருந்தது. இரண்டு முறை முயன்றார். மூன்றாவது முறை முதலாளி பொறுமை இழந்து, உதவுகிற நல்ல எண்ணத்தோடுதான், குனிந்து கையைப் பிடித்து இழுத்தார். இடது கையை.

"விடுங்க தம்பி!"

விட்டார். ஆனால் ஊசி எடுத்த இடத்தில் கட்டு நனைந்து, ரத்தம் முழங்கை வழியாக இறங்கி, வெளிர் தோல் சீட்டில் சொட்டியது. அப்போது முதலாளியின் கண் முதலில் போனது சீட்டுக்கு. ஒரு நொடிதான். பிறகு பதறிப்போய் "ஐயோ, ஐயா" என்றார். அந்த ஒரு நொடியை அவள் பார்த்துவிட்டாள்.

பதினைந்து நிமிஷம் கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திப் பிடித்தபடி நடைபாதையிலேயே மண்டியிட்டிருந்தாள். ரத்தம் நின்றது. லிஃப்ட்காரர் மெதுவாகச் சொன்னார்: "போதும்மா. நாளன்னைக்கு நான் வரல. ரெண்டு தடவை விட்டா என்ன ஆகும்னு தெரியும். தெரிஞ்சுதான் சொல்றேன். லிஃப்ட்டை எந்த மாடியில நிறுத்தணும்னு எனக்குத் தெரியாதா?"

"நாளன்னைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்கு வருவேன். சட்டை மாட்டி, வாசல்ல நிக்கணும்."

"இதுலயா?"

அவள் அவருடைய சட்டைக் கையை இறக்கிவிட்டாள். புதுக் கார் வந்துவிட்டதால் அவளுடைய பழைய வேனை முதலாளி மறுநாள் விற்கப் போகிறார் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் பத்து மணிக்குப் பழைய வண்டி வாங்குகிறவர் ஷெட்டுக்கு வந்துவிட்டார். வேனைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார். முதலாளி, கார் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்த பாலித்தீன் அக்காவிடம் வந்து கையை நீட்டினார். கறை போகவில்லை, பழுப்பாக ஒரு திட்டு நின்றுவிட்டது.

"அக்கா, வேன் சாவி."

"தர்றேன் சார். ஒரு நிமிஷம் இதுல உக்காருங்க."

கறையைக் காட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து உட்கார்ந்தார்.

"இடது கால நீட்டுங்க. மடக்கக் கூடாது, மடக்கினா மூட்டு கழண்டுரும். இடது கைய நெஞ்சு மேல வைங்க. அதுல ஊசி குத்தியிருக்கு, ஊனக் கூடாது. நாலு மணி நேரம் உங்க ரத்தம் வெளிய போய்ச் சுத்திட்டு வந்திருக்கு, தலை கிறுகிறுங்குது. இப்ப எழுந்து வந்து சாவிய வாங்கிக்கோங்க."

"என்னக்கா விளையாட்டு?"

"விளையாட்டுன்னா நேத்து ஏன் ரத்தம் வந்துச்சு தம்பி?"

வண்டி வாங்க வந்தவர் டயரை விட்டுவிட்டு இந்தப் பக்கம் திரும்பினார். முதலாளிக்கு முகம் சிவந்தது. சரி, இது என்ன பெரிய காரியம் என்பதுபோல வலது கையை ஊன்றி எம்பினார். கை, சீட்டின் கரையில் வழுக்கியது. மறுபடி எம்பினார், கூரை தலையில் மடேர் என்று இடித்தது. மூன்றாவது முறை நீட்டியிருந்த கால் தானாக மடங்கியது.

"கழண்டுருச்சு," என்றாள். "திரும்ப மொதல்லேர்ந்து."

நாற்பது வயது, நல்ல உடம்பு. நாலாவது முறை பாதி எழுந்து, பள்ளத்துக்குள் பொத்தென்று விழுந்தார். மூச்சு வாங்கியது. மூக்கு, முட்டிக்கு இந்தப் பக்கமே நின்றது. வலது கையை அவளை நோக்கி நீட்டினார்.

"அக்கா... கையக் குடுங்கக்கா."

பாலித்தீன் அக்கா, வேன் சாவி இருந்த கையையும் இல்லாத கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.