நான் திருப்பி வைத்த முப்பது முட்டைகள்

புதுச்சத்திரம் பக்கத்தில் ஒரு கோழிப் பண்ணையில் முட்டை அடுக்குவது என் வேலை. சென்ற வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேலத்து ஓவிய அருங்காட்சியகத்தில் குழந்தைகளுக்கு முட்டையில் முகம் வரையும் போட்டி என்று மகள் கவினியைக் கூட்டிப்போனேன்.

வரைந்து முடித்த குழந்தைகள் சாப்பிடப் போனார்கள். நான் படங்களைப் பார்த்துக்கொண்டே ஒரு மேசையின் பின்பக்கம் வந்தேன். பாட்டில் மூடிகளின் மேல் முப்பது வெள்ளை முட்டைகள், கூர்முனை மேலாக நின்றன. வரையாத மீதி முட்டைகள் என்று நினைத்தேன். பண்ணையில் அப்படி வைத்தால் திட்டு விழும். கை சும்மா இருக்கவில்லை. முப்பதையும் திருப்பி வைத்துவிட்டுத்தான் முன்பக்கம் வந்தேன். அந்தப் பக்கம் குழந்தைகள் வரைந்திருந்த சிரித்த முகங்களெல்லாம் தலைகீழாகி, உதடு பிதுக்கி அழுதுகொண்டிருந்தன.

அதற்குள் நடுவராக வந்திருந்த ஓவியரும் குழந்தைகளும் வந்துவிட்டார்கள்.

"நாந்தானுங்க திருப்புனேன். கூரு கீழ இருந்தாத்தானுங்க முட்டை கெடாது," என்றேன்.

கவினி என்னை முறைத்தாள். பிறகு திரும்பி நின்று, குனிந்து, கால்களுக்கு நடுவே பார்த்தாள்.

"அம்மா, இப்பச் சிரிக்குது."

அடுத்த நிமிடம் அத்தனை குழந்தைகளும் குனிந்து நின்றார்கள். ஓவியரும் கண்ணாடியைப் பிடித்தபடி குனிந்தார்.

"இப்பிடியே இருக்கட்டுமுங்க," என்றார்.

அங்கே மாதாமாதம் ஏதாவது நிகழ்ச்சி இருக்கும், நாங்கள் தவறுவதில்லை. உள்ளே நுழைந்ததும் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். புரியாத படம் எதிரில் வந்தால் மட்டும், யாரும் பார்க்காத நேரமாக, குனிந்து தலைகீழாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.