கித்தாருக்கு விட்ட இடம்

பல்பர் இயந்திரத்தின் பெல்ட் நழுவி, காப்பிப்பழம் உரிபடும் சத்தம் ஏழு தட்டுக்கு ஒருமுறை நொண்டியது. எனக்குச் சின்ன வயது மழைக்காலம் திரும்பி வந்தது.

இதே கொட்டகையில்தான், புளித்த பழத்தோல் வாடைக்கு நடுவே, மேரி அக்காவின் ராக் குழு ஒத்திகை பார்க்கும். அரை மணி நேரம் ஓடும் ஒரே பாட்டு, அதுவும் ஏழு தட்டில். பாடகர் பெங்களூருக்குப் போனார். அடுத்து வந்தவர் கல்யாணமாகி நின்றுவிட்டார். கித்தார்க்காரர்கள் மூன்று பேர் மாறினார்கள். கடைசியில் ஆர்கன் வாசித்த அக்காவும், டிரம்ஸ் அடித்த ஒண்டிக்கடை முக்கு மளிகைக்காரர் மகன் சலீம் அண்ணனும்தான் மிச்சம்.

எஸ்டேட் விழாவில், கணக்கெழுதும் ரைட்டர் மேடையேறி வந்து கெஞ்சினார்.

"ஏனுங்க, வாசிக்க ஆளே இல்லீங்களே. சினிமாப் பாட்டு ஒண்ணு வாசிச்சுட்டு எறங்கிருங்க."

"ஆளுதானுங்க போச்சு. பாட்டு அப்படியேதான் இருக்குதுங்க," என்றாள் அக்கா.

பாட்டில் கித்தார் வரவேண்டிய இடத்தில் அவள் விரல்களைத் தூக்கிப் பிடித்துச் சும்மா நின்றாள். சலீம் அண்ணன் தாளத்தை மட்டும் விடாமல் தட்டினார். கூட்டம் சீட்டியடித்தது, கத்தியது, கலைந்தது. எனக்கும் காலி நாற்காலிகளுக்குமாகப் பாட்டை முழுசாக முடித்துவிட்டுத்தான் இறங்கினார்கள். என்ன திமிர்!

"பெல்ட்டை மாத்திரலாங்களா?" என்று பல்பரைப் பார்க்க வந்திருந்த மெக்கானிக் இப்போது கேட்டார்.

என் பக்கத்தில், அறுபது வயது அக்கா அந்த ஏழு தட்டைக் கேட்டு விரல்களைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"கொஞ்சம் இருங்க. என்னோட முறை இன்னும் வரலீங்க."