இரண்டாம் கேமராவில் மஞ்சள்

எங்கள் செய்தி அரங்கில் கலர் பார்ப்பவரோடு வேலை செய்ய மலையளவு பொறுமை வேண்டும். என்னிடம் கையளவுகூடக் கிடையாது. ஆனால் கட்டுப்பாட்டு அறையில் அவர் பக்கத்து நாற்காலிதான் எனக்கு வாய்த்தது. மூன்று கேமராக்களின் படத்தையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவருவது அவர் வேலை. அதில் எது ஒளிபரப்பாக வேண்டுமோ அதற்குரிய பொத்தானை அழுத்துவது என் வேலை. கேமரா மாறும்போது ஒரு முகத்தின் நிறம் துளி மாறினாலும் மனிதர் துடித்துப்போவார். கீழே அரங்குக்குப் போய் ஆளை நேரில் பார்க்கும் வழக்கமெல்லாம் இல்லை. "கண்ணு ஏமாத்தும், எனக்கு மானிட்டர் போதும்" என்பார்.

இத்தனைக்கும் பகல் செய்தி வாசிப்பவள் அவருடைய கூடப்பிறந்த தங்கை. மகளிர் விடுதியில் தங்கி வேலைக்கு வருகிறாள். அண்ணன் அவளைப் பார்ப்பது மானிட்டரில்தான். இறங்கிப் போய் இரண்டு வார்த்தை பேசினால் குடியா முழுகிவிடும்?

அந்த வாரம் இரண்டாம் கேமரா எங்கள் உயிரை வாங்கியது. அவள் முகத்துக்கு நேராக நிற்பது அதுதான். முகம் மஞ்சளடிக்கிறது என்று ஆரம்பித்தார். சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, குறைத்தார், முகம் சரியானது, பின்னாலிருந்த நீலச் சுவர் வெளுத்துப்போனது. தயாரிப்பாளர் கத்தினார். உடனே மொத்த நிறத்தையும் பழையபடி ஏற்றிவிட்டு, மஞ்சளை மட்டும் தனியாக இறக்கினார். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருந்தது. விளக்கை மாற்றச் சொன்னார். கேமராவையே மாற்றச் சொன்னார். வெள்ளை அட்டையைக் காட்டிச் சோதித்தார்கள். அட்டை பளிச்சென்று வெள்ளையாகத்தான் தெரிந்தது. முகம் மட்டும் மஞ்சள். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

கடைசியில் பழி மேக்கப் அக்கா தலையில் விழுந்தது.

"என்னத்தம்மா பூசுறீங்க?" என்று மைக்கில் எகிறினார்.

"அதே டப்பா, அதே கை," என்று கீழிருந்து அக்கா சீறினாள். "பிள்ளைக்கு உடம்புதான் சரியில்ல. ஒரு வாய் சாப்பிடல. நீங்களே வந்து பாருங்க."

"படத்துல நல்லாத்தானே இருக்கா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா ஆக்கினதே நீங்கதானே சார்! முதல்ல போய் அவங்களைப் பாருங்க."

முணுமுணுத்துக்கொண்டே போனார். போகும்போதும் அந்தப் பாழாய்ப்போன வெள்ளை அட்டையை எடுத்துக்கொண்டுதான் போனார்.

சற்று நேரத்தில் இரண்டாம் கேமராவின் படத்துக்குள் வந்து நின்றார். தங்கையின் முகம் கச்சிதமாக இருந்தது. பக்கத்தில் அண்ணனின் முகம் பிணம் போல் நீலம் பாய்ந்திருந்தது. அவள் முகத்துக்கென்று அவரே திருகி வைத்த அளவு அது.

குனிந்து அவள் கண்களைப் பார்த்தார். அட்டை கையிலிருந்து நழுவியது. அவளுடைய மைக் திறந்திருந்ததால் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கண்ணு இப்படி மஞ்சளா இருக்கே, டாக்டர்கிட்ட போனியா?"

"போலாம்னுதாண்ணே இருந்தேன். அம்மாகிட்ட போன்ல சொன்னேன். 'டிவியில ஜம்முன்னு இருக்கே, உனக்கென்னடி நோய்'னு சிரிச்சாங்க. நானும் ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தேன்."

அவர் அவள் சட்டையிலிருந்த மைக்கைக் கழற்றினார்.

"அது நீ இல்லடி, நான் பண்ணி வச்சது. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போலாம்."