லிகமென்ட் என்றால் என்னவென்று கேட்காதவன்

நான்காம் வகுப்போடு நின்ற எனக்கு இன்று ஆலங்குடியில் நான்கு தேங்காய் லாரிகள் ஓடுகின்றன. போன வருஷம் லாரியிலிருந்து இறங்கும்போது முழங்கால் பிசகியது.

"எலும்பு முறியலை, லிகமென்ட் கிழிஞ்சிருக்கு" என்றார் டாக்டர். அர்த்தம் கேட்கக் கூச்சப்பட்டுத் தலையாட்டினேன். முறிவில்லையே என்று, எண்ணெய் போட்டு உருவிவிட ஆளை வரவழைத்தேன்.

"மாமா, அது ரெண்டு எலும்பையும் சேத்துக் கட்டியிருக்க நாருங்க. உருவினா இன்னும் பிஞ்சிரும்" என்றாள் மருமகள்.

"நாலு லாரி ஓட்டுறவனுக்கே பாடம் எடுக்கிறியா, ஆத்தா?" என்று விரட்டினேன்.

மூன்று நாள் உருவியதில் மிச்ச நாரும் அறுந்தது. ஆபரேஷன் செய்தும் கால் நிலைகொள்ளவில்லை. என் லாரியிலேயே என்னால் ஏற முடியாது.

இப்போது டாக்டர் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும், பத்துப் பேர் முன்னால் என்றாலும், அர்த்தம் கேட்டுவிட்டுத்தான் எழுகிறேன். எழுவதற்கு மருமகள்தான் கைகொடுக்கிறாள். இதுவரை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை.