ஏரோப்ளான் மேட்டில் எங்கள் கட்டம்

எனக்கு எழுபத்து நாலு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. செத்துப்போன நாத்தனாரின் பிள்ளைகள் இரண்டும் என் கையில்தான் சோறு தின்றன. அந்த ஆறு வயிற்றுக்கும் போன நெல் ஏரோப்ளான் மேட்டில் காய்ந்த நெல். இன்று அதே மேட்டில் நெல்லைக் கொட்டினால் தப்பு என்று பலகை வைத்திருக்கிறார்கள். பலகையில் நெல் படம் போட்டு அதன்மேல் சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரிய வேண்டுமாம். அந்த மட்டும் எங்களை நினைத்தார்களே!

திருக்கனூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக அந்த மேட்டைப் பார்த்திருப்பார்கள். செம்மண் காடு. காரையும் சூரையும் ஈச்சம் புதரும் தவிர வேறு எதுவும் விளையாது. நடுவில் மட்டும் கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்டுத் தரை. பெரிய சண்டைக் காலத்தில் பட்டாளத்து ஏரோப்ளான் இறங்குவதற்காகப் போட்டது என்பார்கள். பிரெஞ்சுக்காரன் எல்லையில் இங்கிலீஷ்காரன் எப்படிப் போட்டான் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மேட்டில் பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் போய்விட்டார்கள். தரை எங்களுக்கு மிஞ்சியது.

அந்தத் தரையைக் கட்டம் கட்டமாகப் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நடுவில் தார் ஊற்றியிருப்பார்கள். எந்தக் கட்டம் எந்த வீட்டுக்கு என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. ஒரு வீட்டுத் துடைப்பம் தார்க்கோட்டோடு நிற்கும். நம் நெல் சிதறிக் கோட்டைத் தாண்டிவிட்டால் அது பக்கத்து வீட்டு நெல். கேட்கக் கூடாது. கேட்டால் கேவலம். நான் கல்யாணமாகி வந்ததும் என் மாமியார் எனக்கு அரிசிப் பானையைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைத்தான் காட்டினாள். நடுவில் என்னை நிற்க வைத்து, "இதான்டி நம்மளுது. இந்தாண்ட போவாத, அந்தாண்ட வுடாத" என்றாள்.

நெல் காயப்போட்டவள் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. வெறுங்காலோடு நெல்லுக்குள் இறங்கி, பாதத்தைத் தூக்காமல் இழுத்து இழுத்து நடக்க வேண்டும். கால் போன இடமெல்லாம் ஏர் உழுத மாதிரி சால் விழும். அடி நெல் மேலே வரும். வெயில் ஏற ஏற, போன வழிக்குக் குறுக்கே மறுபடியும் நடக்க வேண்டும். சிமெண்டுச் சூடும் நெல்லின் சுணையும் சேர்ந்து என் பாதத்தை மாட்டுத்தோலாக்கிவிட்டன. அதில் எனக்கு வெட்கமில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கார் செலவில் மேட்டைச் சுற்றிக் கம்பிவேலி வந்தது. புதர்க்காட்டுக்குள் நாங்கள் ஆடு ஓட்டிப்போன ஒற்றையடிப் பாதைகளில் சரளை கொட்டி, ஓரத்தில் பச்சை, மஞ்சள், நீலம் என்று கட்டை நட்டார்கள். பச்சைக் கட்டை வழி போனால் மயில் பார்க்கலாமாம். மயில் என் வீட்டுக் கூரையில் தினமும் கத்துகிறது. அதற்கு நான் யாருக்கும் பலகை வைக்கவில்லை. சிமெண்டுத் தரைமேல் வெள்ளைப் பட்டை அடித்து, காலையில் டவுன்காரர்கள் காரில் வந்து நடக்கிற இடமாக்கிவிட்டார்கள். எங்கள் தார்க்கோடுகள் பெயிண்டுக்கு அடியில் போய்விட்டன.

"உங்களுக்குத் தனியாகக் களம் கட்டித் தருகிறோம்" என்றார்கள். கட்டியும் தந்தார்கள், ஏரிக்கரைக்குக் கீழே பள்ளத்தில். மழை பெய்தால் அதில் வாத்து நீந்தும்.

இந்த வருஷம் ஆவணியில், சொர்ணவாரி அறுப்பில்தான் அது நடந்தது. மெஷின் வைத்து அறுத்த அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஈர நெல்லை மூட்டையில் போட்டால் சூடேறும். காலையில் ஒரு மூட்டைக்குள் கையை விட்டேன். சுரக்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருந்தது. இன்னொரு நாள் விட்டால் முளை கிளம்பிவிடும். வருஷத்துச் சாப்பாடு அதுதான். புதுக் களத்தில் கணுக்கால் தண்ணீர். ரோட்டில் போடலாமென்றால் பைக் சறுக்கி யாராவது விழுந்தால் பாவம் நம் தலையில். வானம் வெளுத்திருந்தது. டிராக்டரில் மூட்டையை ஏற்றச் சொல்லி, சின்ன மருமகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்குப் போனேன்.

கேட்டில் காவலுக்கு நின்றவன் எங்கள் தெருக்காரன். அவனும் பேரப்பிள்ளை எடுத்தவன்தான்.

"பெரியம்மா, பலகைய பாத்தியா?"

"பாத்தேன். நெல்லு நல்லா வரைஞ்சிருக்கான். உமிதான் கொஞ்சம் கம்மி."

"வெளாடாத பெரியம்மா. என் வேலை பூடும்."

"ஒன் வேலை போனா என் நெல்லுல பாதி துன்னு. என் நெல்லு போனா ஒன் வேலைய நான் துன்ன முடியுமா? கேட்டத் தொற."

அவன் கேட்டைத் திறக்கவில்லை. ஆனால் டீ குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனான். மருமகள்தான் திறந்தாள்.

எங்கள் கட்டம் எது என்று தேட வேண்டியதில்லை. வேலிக்குப் பின்னால் நிற்கும் பனைக்கு நேராக நின்றால் அதுதான். கொட்டிப் பரப்பினோம். கால் சால் ஒரு சுற்று முடியவில்லை, டவுன் ஆட்கள் வந்துவிட்டார்கள். கொஞ்சம் பேர் ஒதுங்கிப் போனார்கள். ஒரு பொம்பளை, என் பெரிய மகள் வயது இருக்கும், காதில் எதையோ மாட்டிக்கொண்டு, வெள்ளை ஷூ காலோடு நேராக நெல்மேல் ஏறி வந்தாள்.

எனக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ. "ஏம்மா! சோத்து மேல செருப்புக்காலோட நடக்குறியே, ஒங்க வூட்ல தட்டையும் மிதிச்சுட்டுதான் துன்னுவீங்களா?"

அவள் பயந்து நின்றாள். "சாரி, சாரி அம்மா" என்று அங்கேயே ஷூவைக் கழற்றினாள். அதோடு போயிருக்கலாம். வெறுங்காலோடு என் சாலில் கால் வைத்துப் பார்த்தாள். "நல்லா இருக்கே! இது கால் நரம்புக்கு ரொம்ப நல்லதாச்சே!" என்று கூட வந்தவர்களைக் கூப்பிட்டாள். நாலைந்து பேர் ஷூவைக் கழற்றிவிட்டு இறங்கினார்கள். ஒருத்தன் போனை என் பாதத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குனிந்தபடியே என் பின்னால் வந்தான். "வாழைப்பழத்தக் காட்டு, இன்னும் கிட்ட வருவான்" என்றாள் மருமகள். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் ஜீப்பில் அந்தப் பாதைகளுக்குப் பொறுப்பான அதிகாரி வந்தார். வரும்போது முகம் கடுகடுவென்று இருந்தது. நடக்கிறவர்களைப் பார்த்ததும் மாறிவிட்டது. அந்த வெள்ளை ஷூக்காரி அவரிடம் என்னமோ சொன்னாள். அவர் என்னிடம் வந்து குனிந்து பேசினார்.

"அம்மா, இன்னைக்குப் பொழுது சாயுற வரைக்கும் காயட்டும். நாளைக்கும் காயட்டும். ஒண்ணே ஒண்ணு. ஞாயித்துக்கிழமையில நீங்க வந்து இதே மாதிரி நடந்து காட்டணும். நெல்லு நாங்களே தரோம். பழைய காலத்துப் புடவை இருந்தா கட்டிக்கினு வாங்க."

"நான் கட்டியிருக்கறது எந்தக் காலத்துப் புடவைங்க?"

அவர் என் புடவைத் தலைப்பைப் பார்த்துவிட்டு நெல்லைப் பார்த்தார்.

"மத்த வூட்டுக்காரங்க?" என்று கேட்டேன். "அவங்க கட்டம்?"

"எல்லாரும் வந்தா பாதை இருக்காதேம்மா. நீங்க மட்டும்."

மருமகள் என் முழங்கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். "அத்தே, சரின்னுடு அத்தே. மொதல்ல நெல்லு காயட்டும். ஞாயித்துக்கிழம வரும்போது பாத்துக்கலாம்."

அவள் சொன்னது நியாயம். ஒரு தலையாட்டலில் நெல் காய்ந்திருக்கும். ஆனால் என் மனசு கேட்கவில்லை. எங்கள் கட்டத்தில் நிற்க எனக்கு இவர் அனுமதி கொடுப்பதா? நான் சரி என்றால், அது எங்கள் கட்டம் இல்லை, அவர் கொடுத்த இடம். அதுவும் பக்கத்துக் கட்டத்துக்காரியைத் தள்ளிவிட்டு. அவள் நெல்லும் வீட்டில் சூடேறிக்கொண்டுதான் கிடந்தது.

"நான் கூத்தாடி இல்லீங்க. நெல்லு காய வெக்க வந்தேன். எல்லாரையும் வுட்டா நானும் போடுறேன். இல்லன்னா எனக்கும் வாணாம்."

"அப்படின்னா உச்சிப் பொழுதுக்குள்ள அள்ளிடுங்க" என்றார். குரலில் குனிவு போய்விட்டது.

அள்ளினோம். வெயில் நன்றாக ஏறுகிற நேரத்தில், கையால் தொட்டால் சுடுகிற நெல்லை, உள் ஈரம் போகாமலே அள்ளினோம். டீக்குப் போன காவல்காரன் வந்து மூட்டை தூக்கிவிட்டான். அன்று சாயங்காலமே மறுபடியும் மழை. வீட்டுக்குள் விரித்தோம், ஃபேன் போட்டோம், பாதிதான் தேறியது. மீதி அரிசி மஞ்சளாகிவிட்டது. வடிக்கும்போதே மக்கல் வாடை. அதைத்தான் இப்போது தின்கிறோம். மருமகள் எனக்குப் பரிமாறும்போது ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் தேவலை. பக்கத்துக் கட்டத்துக்காரி "ஒன்ன எவ கேட்டா, எனக்காவ நிக்கச் சொல்லி?" என்றாள். அவள் நெல் முழுக்க முளைத்துவிட்டது.

போன வாரம், அன்று என் பின்னால் குனிந்து வந்தவன் பிடித்த படம் எல்லோர் போனிலும் வந்தது. வெயில், நெல், என் பாதம் இரண்டு. பின்னால் வீணையோ என்னமோ வாசிக்கிறது. நான் கத்தியது இல்லை. அதிகாரி கேட்டது இல்லை. நான் சொன்ன பதில் இல்லை. கணுக்காலுக்கு மேலே நானே இல்லை. ஊர் ஊராகப் பார்த்துக் கும்பிடு போடுகிறார்களாம். காலுக்குக் கும்பிடு, ஆளுக்கு வேலி!

அதனால்தான் உட்கார்ந்து எழுதினேன். எனக்குத் தெரிந்த எழுத்து கொஞ்சம். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் மூணாவது வரை. அடுத்த அறுப்புக்கும் அதே கட்டத்தில்தான் கொட்டுவேன். இந்த முறை பக்கத்துக் கட்டத்துக்காரியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, அவள் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு போவேன். இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இந்தா கண்ணு, பேத்தி, போன கீழ வெச்சுட்டு வா. இத மொதல்லேருந்து சத்தமா படி. ஒங்கம்மா அடுப்பாண்டதான் இருக்கா, அவ காதுலயும் வுழட்டும். கோவம் எங்கயாவது கொறஞ்சாப்ல தெரிஞ்சா நிறுத்து, சேத்து எழுதணும்.