பீச்சாங்கைப் பேய்

பேய்களும் கொலைகாரர்களும் பீச்சாங்கைக்காரர்கள் என்று சிறுவயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். சும்மா நம்பவில்லை, கண்ணால் கண்ட ஆதாரத்தோடு நம்பினேன். சோத்தாங்கையால் உண்டு, சோத்தாங்கையால் கும்பிட்டு, சோத்தாங்கையால் என் காதைத் திருகுகிறவர்கள் மனிதர்கள். எவருக்காவது இடது கை முந்தினால் அங்கே நிற்கக் கூடாது. இந்த அறிவோடு நான் இரண்டு மூன்று மாதம் மிகவும் ஜாக்கிரதையாக உயிர் வாழ்ந்தேன்.

ஆதாரம் கிடைத்த இடம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களம். காலையில் ஆட்களைக் கூட்டி வேலைக்குப் பிரித்தனுப்பும் அந்த வெளியில் ஒருநாள் சாயங்காலம் பதுளையிலிருந்து படக்கார வேன் வந்து நின்றது. இரண்டு மூங்கிலுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டினார்கள். முன்னால் நாற்காலிகளில் துரையும் கிளாக்கர் ஐயா, ஸ்டோர் ஐயா குடும்பங்களும். அவர்களுக்குப் பின்னால் கங்காணிமார். அதற்கும் பின்னால் எள் விழ இடமில்லாத கூட்டம். நானும் அம்மாவின் தங்கையான சித்தியும் தாமதமாகப் போனதால் துணிக்கு மறுபக்கம் போய் உட்கார்ந்தோம். துணி மெல்லியது, படம் அந்தப் பக்கமும் நன்றாகவே தெரிந்தது. எழுத்துகள் மட்டும் திரும்பி ஓடின. ஆனால் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் முன்பக்கம் நாற்காலியில் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அதைப் பற்றி யாருக்கும் மனக்குறை இல்லை.

முதலில் கொக்கிப்புழு வயிற்றுக்குள் எப்படிப் போகிறது என்று காட்டினார்கள். பிறகு கொசுறாக ஒரு கொலைப் படம். ஒரு பங்களா. கண்ணாடி முன்னால் ஒரு பெண் தலைவாரிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஒரு திரைச்சீலை. அது லேசாக அசைகிறது. அவள் சீப்பை வைக்கிறாள், எடுக்கிறாள், பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். திரைச்சீலை ஓரமாக ஒரு கை வருகிறது. இடது கை. அதில் கத்தி. ஆள் யாரென்று தெரியவில்லை, கை மட்டும். விளக்கு அணைகிறது. ஓர் அலறல். அவ்வளவுதான். அடுத்த காட்சியில் ஒரு குண்டு மனிதர் வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுந்தார். கூட்டம் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் கண் அந்தக் கையைவிட்டு இன்னும் வரவில்லை.

இத்தனைக்கும் நான் ரத்தத்துக்குப் பயந்தவன் அல்ல. முனியாண்டி கோயிலில் கிடா வெட்டும்போது சட்டி பிடிக்க எனக்கும் மற்றப் பொடியன்களுக்கும் சண்டையே நடக்கும். பிடித்த ரத்தத்தை அம்மா வெங்காயம் போட்டு வதக்கித் தருவாள், விரலைச் சூப்பிச் சாப்பிடுவேன். இப்போது என் மகன் வீடியோ வாடகைக்கு எடுத்துவரும் படங்களில் தலை தனியாகவும் குடல் தனியாகவும் கிடக்கின்றன. அவன் கண்ணைப் பொத்திக்கொள்கிறான். எனக்குக் கொட்டாவி வருகிறது. ஒரு சொட்டு ரத்தம் காட்டாத அந்த ஒற்றைக் கைதான் என்னைக் கக்கூசுக்குத் தனியாகப் போகவிடாமல் செய்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தியைப் பெண் பார்க்க அப்புத்தளைப் பக்கமிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை தேயிலை ஸ்டோரில் வேலை. கூட அவருடைய அம்மாவும் மாமாவும். வரிசை வீடுகளில் ஒன்றான எங்கள் லயத்துக் காம்பராவுக்கு ஒரே முன்னறைதான். சமையல் பக்கத்தை மறைக்க ஒரு பழைய சேலையைத் தொங்கவிட்டிருந்தோம். சேலைக்குப் பின்னால் சித்தி. முன்னால் வெற்றிலைத் தட்டு, தேத்தண்ணி, என் அப்பா, தாத்தா. சித்திக்கு மாப்பிள்ளையைப் பிடித்துவிட்டது என்பது சேலையின் கிழிசல் வழியாக அவள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. வந்ததிலிருந்து அவர் இடது கையைக் கோட்டுப் பையைவிட்டு எடுக்கவில்லை. தேத்தண்ணி, வெற்றிலை எல்லாம் வலக்கை. சுண்ணாம்பு தடவ மட்டும் அவருடைய அம்மா உதவி செய்தார். பெரிய ஆளுக்கு அம்மா சுண்ணாம்பு தடவிக் கொடுப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர்கள் கொண்டுவந்த பலாப்பழத்தை அப்பா வெட்ட உட்கார்ந்தார். கத்தி பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தார், திருகினார், பழத்தோடு சேர்த்துக் கத்தியைத் தூக்கினார். பார்த்துக்கொண்டிருந்த மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க, நான் பாக்குறேன்" என்று எழுந்து வந்தார். கத்தியை ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு நிமிர்ந்தார்.

பின்னால் திரைச்சீலை. அதற்குள் ஒரு பெண். பக்கத்தில் கத்தி. இடது கை.

"சித்தி, ஓடு! கொல்ல வந்துட்டான்!" என்று கத்தினேன். கத்திவிட்டுச் சித்தியைக் காப்பாற்றப் பாய்ந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பாய்ந்தது எதிர்ப்பக்கம். பெஞ்சுக்கு அடியில் நுழைந்து, கையில் கிடைத்த ஒரு காலைக் கட்டிக்கொண்டேன். அது மாப்பிள்ளையுடைய அம்மாவின் கால்.

"டேய், யாருடா கொல்ல வந்தது?" என்றார் அப்பா.

"பீச்சாங்கை! பீச்சாங்கைல கத்தி!"

தாத்தா வெற்றிலை மெல்லுவது நின்றது பெஞ்சுக்கு அடியிலேயே எனக்குக் கேட்டது. நான் கட்டிக்கொண்டிருந்த கால் நடுங்கத் தொடங்கியது. பாவம், இந்த அம்மாவும் பேயைப் பார்த்துவிட்டார் என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"மாப்பிள்ளைக்குப் பீச்சாங்கைப் பழக்கமா?" என்றார் தாத்தா.

"சேச்சே, ஏதோ அவசரத்துல எடுத்துட்டாப்ல" என்றார் அவர்களுடைய மாமா.

"இல்லீங்க" என்றார் மாப்பிள்ளை. "பொறந்ததுலேர்ந்து இதான் எனக்குக் கை."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமே. நல்ல காரியம் பேச வந்த எடத்துல..." என்று இழுத்தார் தாத்தா.

"சொன்ன வீட்டுலயெல்லாம் வெத்தலையத் திருப்பிக் குடுத்துட்டாங்கய்யா" என்றார் அந்த அம்மா. என் தலைக்கு மேலே அந்தக் குரல் உடைந்தது.

தாத்தா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். சம்பந்தம் அவ்வளவுதான் என்று எனக்கே புரிந்தது. பேயை விரட்டிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது. அப்போதுதான் சேலைக்குப் பின்னாலிருந்து சித்தி பேசினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் பேசுவது எங்கள் லயத்தில் அதற்கு முன் நடந்ததில்லை.

"ஏப்பா, நாங்க ரெண்டு கையாலயும்தானே கொழுந்து எடுக்கிறோம். அப்ப மலையில நிக்கிற பொம்பளைங்க எல்லாம் பாதிப் பேயா?"

முதலில் சிரித்தது என் அம்மா. "பாதி இல்லடி, கங்காணியக் கேட்டா முழுசும்னு சொல்லுவாரு" என்றாள். அப்பா சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை. ஆனால் இழுத்த தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து மாப்பிள்ளையுடைய மாமாவிடம் நீட்டினார்.

மாப்பிள்ளை பெஞ்சுக்குப் பக்கத்தில் குந்தினார். "தம்பி, யாரு உங்களுக்குச் சொன்னது பீச்சாங்கைக்காரன் கொல்லுவான்னு?"

நான் படத்தைச் சொன்னேன். சீப்பு, பாட்டு, திரைச்சீலை எல்லாம்.

"அட, அதையா? எங்க தோட்டத்துலயும் காட்டுனாங்களே. அது சோத்தாங்கையாச்சே! எங்க உக்காந்து பாத்தீங்க?"

"துணிக்குப் பின்னாடி."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். துணியின் பின்பக்கத்தில் பார்த்தால் எல்லாக் கையும் மாறித்தான் தெரியும் என்று புரியவைத்தார். அந்தப் படத்தில் எல்லாருமே இடக்கையால்தானே சாப்பிட்டிருப்பார்கள் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். ஆமாம், சாப்பிட்டார்கள். ஆனால் சாப்பிடுகிற கையை யார் பார்த்தார்கள்?

பலாச்சுளை ஒன்றை இடது கையாலேயே நீட்டினார். வாங்கும்போது பார்த்தேன், புறங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு தழும்பு, மயிர் முளைக்காமல் வழவழவென்று மின்னியது. பயம் தெளிந்த தைரியத்தில் கேட்டேன்:

"இது என்ன மாமா? பேய் கடிச்சுதா?"

"கொதிதண்ணி கொட்டிருச்சு" என்றார்.

அவருடைய அம்மா எழுந்து வாசலுக்குப் போனார். வெளியே தூறிக்கொண்டிருந்தது, பனியும் இறங்கியிருந்தது. எச்சில் துப்பப் போகிறார் என்று நினைத்தேன். வெகுநேரம் உள்ளே வரவில்லை. பெரியவர்களுக்கு வாயில் இவ்வளவு வெற்றிலைச் சாறு ஊறுமா என்று எண்ணியபடி அவருடைய பங்குச் சுளையையும் நானே தின்றேன்.

அந்தத் தை மாதமே கல்யாணம் நடந்தது. நான் மீசை முளைத்தவனான பிறகு ஒருநாள் சித்திதான் சொன்னாள். கொதிதண்ணீர் எதுவும் கொட்டவில்லை. சித்தப்பா, பெண் பார்த்த அன்று எனக்கிருந்த வயதில் இருந்தபோது, பீச்சாங்கையால் சோற்றைத் தொட்டார் என்று, அவருடைய அம்மா கரண்டிக் காம்பை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி அந்தக் கையில் சூடு வைத்திருக்கிறார்.