புளியமரம் இருந்த இடம்

எழுபதுகளின் தொடக்கத்தில் அம்பத்தூரில் ஒரு மனை வாங்கி, கூரை போட்டுக் குடியேறினோம். வாசலுக்கு நேரே, வெட்டிய புளியமரம் ஒன்றின் அடிக்கட்டை இருந்தது. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் இரும்பு வார்க்கும் பட்டறையில் வேலை. லீவு நாளில் கட்டையைத் தோண்டி எடுத்துக் குழியை மூடினார். மூன்று மாதமாகியும் அந்த இடத்தில் மட்டும் ஒரு புல் முளைக்கவில்லை.

"மரத்துல இருந்தது போவல. அங்கயேதான் கீது" என்றார். அனல் பறக்கும் உலைக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிற மனுஷர், புல் முளைக்காததற்கு நடுங்கினார். மனையை விற்றுவிட்டு, முன்பு இருந்த பெரம்பூர் வாடகை வீட்டுக்கே போய்விடலாம் என்றார். தரகரும் ஆள் பிடித்துவிட்டார். அதற்குள் ஆடி பிறந்ததால் பேச்சு ஆவணிக்குத் தள்ளிப்போனது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்தக் கூரைக்குக் கீற்று சுமந்தவள் நான், விட்டுவிடுவேனா? ஆடியில் மனை விற்க ஆகாது, ஆனால் விதைக்க ஆகும்.

"இந்தாய்யா, ஆவணிக்குள்ள அங்க புல்லு வந்தா விக்கக் கூடாது."

"வராட்டி இன்னா பண்ணுவ?"

"வரும்யா."

ஏரிக்கரையிலிருந்து அருகம்புல்லை வேரோடு பெயர்த்து வந்து நட்டேன். எங்கள் கல்யாணத்தில் 'ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி' என்று ஊரே வாழ்த்தியதே, இங்கே வேரோடட்டும் என்றிருந்தேன். எட்டே நாளில் கருகிவிட்டது. அவர் பார்த்த பார்வையே போதும்.

ஆத்திரத்தில் ஒரு பிடி மண்ணை அள்ளினேன். கை கறுத்தது. முகர்ந்து பார்த்தால், தினமும் நான் அடித்துத் துவைக்கிற அவர் சட்டையின் வாடை!

"குழிய எதப் போட்டுய்யா மூடின?"

"பட்டறைல கொட்டிக் கெடந்த கறுப்பு மண்ணு. சும்மா எட்துக்கோன்னாங்கோ. வண்டில ஏத்திகினு வந்தேன்."

அச்சு செய்து அதில் இரும்பு வார்த்து வார்த்து எரிந்து செத்த மண் அது. எங்கள் தெருவில் பள்ளம் என்றால் எல்லோரும் அதைத்தான் கொட்டுவார்கள். பேயை வண்டி வைத்துக் கூட்டிவந்தவர் இவர்தான் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். உள்ளுக்குள் பயம்தான், ஆடியில் பாதி போய்விட்டிருந்தது.

கடப்பாரையை நானே எடுத்தேன். முழங்கால் ஆழத்துக்குக் கறுப்பு மண்ணை வாரி வெளியே போட்டு, ஏரி வண்டலும் மக்கிய சாணமும் நிரப்பி மறுபடி நட்டேன். இரண்டு வேளையும் தண்ணீர் ஊற்றினேன். ஆடி முடிவதற்குள் கணுவுக்குக் கணு துளிர்த்து, பக்கத்து மண்ணுக்கும் ஓடியது.

ஆவணி முதல் ஞாயிறு, தரகர் ஆளோடு வந்தார். என் வீட்டுக்காரர் அந்தப் புல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை.

"மனையப் பாக்கலாமா?" என்று கேட்டார் தரகர்.

குடியேறிய பிறகும் அதுவரை 'மனை' என்று மட்டுமே சொல்லிவந்தவர் என் வீட்டுக்காரர்.

"மனையா? இது எங்க ஊடு, அண்ணாத்தே" என்றார்.